இன்னும் போகாதவளின் பயண அனுபவம்

1

இந்தக் கதை ஒரு மின்னஞ்சலில் இருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அனுப்பியது ஒரு பரிமாற்றத் திட்டத்தின் அலுவலகம். மாணவர்களையும் இளம் ஆய்வாளர்களையும் ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக்கு ஒரு வருடம் அனுப்பிவைப்பது அதன் வேலை. இங்கிருந்து ஒருவர் போவார், அங்கிருந்து ஒருவர் வருவார். வந்தவர் போனவரின் மேசையில் வேலை செய்வார், போனவரின் வீட்டிலேயே தங்குவார். போனவருக்கும் அங்கே அப்படித்தான்.

'உங்கள் பயணம் பாதி முடிந்திருக்கிறது. புதிய நாடு உங்களை எப்படி மாற்றியது? எங்கள் ஆண்டு மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள்' என்று இருந்தது. கீழே ஒரு சிரிக்கும் முகம்.

அதைப் படித்தபோது நான் எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் துண்டோடு நின்றிருந்தேன். உள்ளே, அந்த நாட்டில் இருந்து வந்தவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

நான் போகவில்லை. அலுவலகத்தைப் பொறுத்தவரை நான் போய்ப் பாதி வருடம் ஆகிறது.

நாலு வரி எழுதிப் போட்டால் முடிந்துவிடும். அந்த நாலு வரி வரவில்லை. அதற்குப் பதில் இது வந்துகொண்டிருக்கிறது.

2

ஒரு சிக்கல். எனக்கு 'நான்' என்று எழுதிப் பழக்கமில்லை. படித்தது தாவரவியல். வேலை செய்வது திசு வளர்ப்பு ஆய்வகத்தில். அங்கே எழுதும் எதிலும் 'நான்' கிடையாது. 'தண்டு வெட்டப்பட்டது', 'கரைசல் சேர்க்கப்பட்டது', 'வளர்ச்சி காணப்பட்டது' என்று எழுதுவோம். வெட்டியது யார், கண்டது யார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

ஆகவே இந்தக் கதையில் என் இடத்தில் வேறொரு பெண்ணை வைக்கிறேன். ஆய்வகத்தில் அவளைப் பூனை என்று கூப்பிடுவார்கள். வருவதும் போவதும் தெரியாது என்பதால் வைத்த பெயர். என்னையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மறைக்க எதுவும் இல்லை. கொஞ்சம் தள்ளி நின்றால் எழுத வருகிறது, அவ்வளவுதான்.

3

முதல் தொடக்கம்: விமானம் மேகங்களைக் கிழித்துக்கொண்டு

(மேகம் கிழியாது. அது நீர்த்துளிகளின் கூட்டம். தவிர, பூனை இதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.)

இரண்டாம் தொடக்கம்: கலாசாரப் பரிமாற்றம் என்பது இரண்டு நாடுகளுக்கு நடுவே கட்டப்படும்

(பாலம். எப்படியும் பாலம்தான் வரப்போகிறது. விட்டுவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்: பூனை காலையில் எழுந்து, பெட்டியைத் திறந்து, மேலே கிடந்த தடித்த குளிர்கோட்டைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, அடியில் இருந்து ஒரு சாதாரணச் சட்டையை உருவினாள். பிறகு கோட்டை மடித்துத் திரும்ப உள்ளே வைத்து, மூடியின் மேல் உட்கார்ந்து பெட்டியைப் பூட்டினாள்.

இது இருக்கட்டும். இது தினமும் நடப்பது. அவளுடைய அலமாரி, கட்டில், அறை எல்லாம் இப்போது விருந்தாளியுடையவை. பூனை அம்மாவின் அறையில் தரையில் பாய் விரித்துப் படுக்கிறாள். சட்டைகளை வெளியே எடுத்து அடுக்க வேறு இடமும் இல்லை, மனமும் வரவில்லை. அடுக்கிவிட்டால் போகப்போவதில்லை என்று ஆகிவிடும்.

4

எப்படி இந்த நிலை வந்தது என்று சொல்ல வேண்டும். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாம் கூட்ட அரங்கால் வந்த வினை.

எங்கள் நிறுவனத்தில் ஒரு பழக்கம் உண்டு. யார் வெளிநாடு போனாலும் வழியனுப்பு விழா நடத்துவார்கள். மேடையில் உட்கார வைத்து, ஒரு பயணப் பெட்டியைப் பரிசாகக் கொடுத்து, படம் எடுத்து, அந்தப் படத்தை நுழைவாயில் சுவரில் மாட்டுவார்கள். படத்தின் கீழே 'வெளிநாட்டில்' என்று எழுதியிருக்கும். விழா நடந்த அன்றே நிர்வாகப் பிரிவு அவர்களைப் போய்விட்டதாகப் பதிவு செய்துவிடும். அடையாள அட்டையும் அன்றோடு செத்துவிடும். விமானம் எப்போது கிளம்பினால் என்ன, விழாதான் புறப்பாடு.

அரங்கு அந்த மாதத்தில் ஒரு நாள்தான் காலியாக இருந்தது. பூனைக்கு விசா வந்திருக்கவில்லை.

"அதெல்லாம் வந்துரும்மா. ஹால் கெடைக்கறதுதான் கஷ்டம்" என்றார் பிரிவுத் தலைவி. அவரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம்.

விழா நடந்தது. பூனை ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்று "நன்றி" என்று மட்டும் சொன்னாள். பின்வரிசையில் இருந்து சீனியர் கத்தினார்: "சத்தமா சொல்லு பூனை, வெளிநாட்டுக்குக் கேக்க வேணாமா!" சீனியர் என்பவர் அடுத்த மேசைக்காரர். முனைவர் பட்டத்துக்கு எத்தனை வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்.

மறுநாள் பூனையின் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. அதே வாரம் விருந்தாளி வந்து இறங்கினாள். விசா வரவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று இணையதளம் தினமும் காட்டியது. மாதங்கள் போயின. ஒரு நாள் பதில் வந்தது. பயணம் தொடங்க வேண்டிய தேதி கடந்துவிட்டதால் இந்த வருடம் விசா கிடையாது. அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம்.

தேதி கடந்ததே அவர்கள் தாமதித்ததால்தான்.

(இந்த வாக்கியத்தைக் கோபமாக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.)

5

இனி விதி. கதையில் விதி வந்தால் வாசகர்கள் தாண்டிப் போய்விடுவார்கள் என்று தெரியும். தாண்டாதீர்கள், சின்னதுதான்.

ஒருவர் போனால்தான் ஒருவர் வரலாம். போக வேண்டியவர் போகவில்லை என்று அலுவலகத்துக்குத் தெரிந்தால் வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே வாய்ப்பு. தன் தவறு இல்லாமல் போக முடியாதவர் அடுத்த வருடம் போகலாம். ஆனால் போனதாகத் தானே எழுதிக் கொடுத்தவர் போனவர்தான். அவருக்கு மறுபடி கிடையாது.

மின்னஞ்சல் வந்த அன்று மேடம் பூனையை அறைக்குக் கூப்பிட்டார்.

"கதவச் சாத்தும்மா. மெயில் வந்துதா?"

"வந்துது மேடம்."

"விசா வர்ற வரைக்கும் திட்டத்து ஆபீஸ்ல மூச்சு விட வேணாம்னு அன்னிக்கு நான்தான் சொன்னேன். வந்துரும்னு நெனச்சோம். வரல. இப்பப் போயி நீ போகவே இல்லன்னா, அந்தப் பொண்ணு மூட்டையக் கட்டணும். முழு வருஷம் முடிச்சாத்தான் அங்க அவளுக்கு வேலை நிரந்தரம். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"அவளோட தலைவிகிட்டயும் பேசிட்டேன். அவங்களும் கண்டுக்க மாட்டாங்க. நாலு வரி எழுதிப் போட்டுரு. நல்லா இருந்துது, நெறையக் கத்துக்கிட்டேன்னு. யாரு போய்ப் பாக்கப் போறா?"

"அப்புறம் என்னால போக முடியாதே மேடம்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உன்ன எழுதியே ஆகணும்னு நான் சொல்லலம்மா. உண்மைய எழுதணும்னு தோணிச்சுன்னா எழுது. ஆனா எழுதறதுக்கு முன்னாடி அவகிட்ட சொல்லிட்டு எழுது. அவ்வளவுதான் நான் கேக்கறது."*

* மேடத்தை வில்லியாக்க ஒரு வரைவில் முயன்றேன். கடைசி வரியைச் சொல்லிக் கெடுத்துவிட்டார்.

6

விருந்தாளியை நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. ஒரு மனுஷியாக நம்புகிறேன். கதாபாத்திரமாகத்தான் முடியவில்லை. காலையில் தானே எழுந்துகொள்கிறாள். தட்டைக் கழுவி வைக்கிறாள். அம்மாவின் கால்வலிக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். இப்படி ஒருத்தியை எழுதினால் யார் ஒப்புக்கொள்வார்கள்? ஒரு குறை வைக்கலாம் என்று தேடினேன். குளியலறையில் வெகுநேரம் இருப்பாள், பாடிக்கொண்டே. அது போதாது.

அவள் தமிழை வகுப்பில் படித்துவிட்டு வந்தவள். வகுப்பில் பேச்சுத் தமிழ் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. வந்த அன்று வாசலில் நின்று அம்மாவிடம், "தங்களைச் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். குளியலறை எத்திசையில் உள்ளது?" என்றாள்.

"எத்திசையும் இல்ல கண்ணு. நாலு எட்டு வெச்சா வீடே முடிஞ்சுரும். அந்தா, அந்தக் கதவு" என்றாள் அம்மா. அன்றோடு அம்மா அவள் பக்கம்.

அம்மா ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். நாள் முழுக்க நின்றுவிட்டு வருபவளுக்குப் பேச ஆள் வேண்டும். பூனை 'ம்' சொல்கிற ஆள். விருந்தாளி கேள்வி கேட்கிற ஆள்.

"அம்மா, இன்று தங்களைச் சினமூட்டியவர் எவர்?"

"ஒருத்தன் வந்தான் கண்ணு. சீட்டு கொண்டு வரல, மருந்து பேரும் தெரியல. வெள்ள மாத்திரைங்கறான். கடையே வெள்ள மாத்திரதான்டா, நீ எத அள்ளிட்டுப் போறன்னு கேட்டேன்."

"அவர் என்ன மறுமொழி கூறினார்?"

"பெரிய வெள்ள மாத்திரைங்கறான்!"

இருவரும் சிரித்தார்கள். பூனை சமையலறை வாசலில் நின்று அதைக் கேட்டாள்.

(பூனை பொறாமையில் வெந்தாள் என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் வேகவில்லை. அம்மா இவ்வளவு வேடிக்கையானவள் என்பது இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்த தனக்கு ஏன் தெரியவில்லை என்று யோசித்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவ்வளவுதான் விஷயம்.)

7

ஆய்வகத்தில் பூனையின் ஒரு நாள்.

வாசலில் காவலாளி பார்வையாளர் பதிவேட்டை நகர்த்தி வைப்பார். அவருக்கு அவளை வருடக்கணக்காகத் தெரியும். இருந்தாலும் "யாரப் பாக்கணும்?" என்று கேட்பார். அவள் விருந்தாளியின் பெயரை எழுதுவாள். கதவுக்கு மேலே சுவரில் அவளுடைய படம், பெட்டியோடு, பல் தெரியாமல் சிரித்தபடி. விருந்தாளி வந்து தன் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்து இவளை உள்ளே அழைத்துப் போவாள்.

வேலை உருளைக்கிழங்குக் கன்றுகளில். கண்ணாடிப் போத்தலுக்குள் வளரும் கன்றை வெளியே எடுத்து, கணுவுக்குக் கணு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு புதுப் போத்தலில் நட வேண்டும்.

(வேர், கன்று, வேறு மண். உவமை கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. தொடப்போவதில்லை.)

நோய் தாங்கும் ஒரு ரகத்தை விருந்தாளி வளர்க்கிறாள். அது போத்தலில் இருந்து தொட்டிக்கு, தொட்டியில் இருந்து வயலுக்கு என்று போய் முடிய முழு வருடம் வேண்டும். அவள் பூனையின் நாற்காலியில் உட்கார்ந்து வெட்டுவாள். பூனை பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து போத்தலை எடுத்துக் கொடுப்பாள். விருந்தாளிக்கு ஒரு கெட்ட பழக்கம், திறந்த போத்தலுக்கு மேலாகக் கையைக் கொண்டுபோவாள். கையில் இருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது விழுந்தால் போதும், பூஞ்சை வந்துவிடும். "கை, கை" என்பாள் பூனை. ஆய்வகத்தில் அவள் அதிகம் சொல்லும் சொல் அதுதான்.

சீனியர் சும்மா இருக்க மாட்டார்.

"என்ன பூனை, அங்க இப்ப மணி என்ன?"

"அண்ணே, வேலையப் பாருங்க."

"இவ்வளவு தூரத்துல இருந்து திட்டுற, சார்ஜ் ஏறிரப் போகுது. வெச்சுரு."

ஒரு நாள் விருந்தாளி வெளியே போயிருந்தபோது அவர் குரலைத் தாழ்த்தினார். "உண்மையச் சொல்லித் தொலைச்சா என்ன? மறுபடி உன் அட்டை வேலை செய்யும். அடுத்த வருஷம் ஜம்முனு போலாம்."

"அவங்க?"

"அவங்க பாட்ட அவங்க பாத்துக்கட்டும். உனக்கு யாரு பாத்தா?"

அவர் எழுந்து விருந்தாளியின் அலமாரிக்குப் போய் ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இலைகள் கரும்பச்சையாக இருந்தன. அதை அப்படியே பழைய இடத்தில், அதே திசையில் வைத்தார். "நல்லாத்தான் வந்துருக்கு, சனியன்" என்றார்.

8

மின்னஞ்சலைப் பற்றிப் பூனை விருந்தாளியிடம் சொன்னாள். எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் யோசித்துவிட்டு, கடைசியில் கைபேசியை அப்படியே அவள் முன்னால் நீட்டினாள்.

விருந்தாளி படித்தாள். "தாங்கள் மெய்யை எழுதினால் நான் திரும்பிச் செல்ல வேண்டும்" என்றாள்.

"ஆமா."

"பொய்யை எழுதினால் தாங்கள் என்றும் செல்ல இயலாது."

"ஆமா."

"இவ்விதியை இயற்றியவர் ஒரு மூடர்."

பூனை முதல் தடவையாக அவள் எதிரில் சிரித்தாள்.

"நான் என் ஊரைச் சொல்கிறேன்" என்றாள் விருந்தாளி. "தாங்கள் எழுதுங்கள். எழுதிய பிறகு அனுப்புவதா வேண்டாமா என்று பார்க்கலாம்."

சாப்பாட்டு மேசையில் ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னாள். மாடியில் அவளுடைய அறை. முழுதாக மூடாத ஜன்னல், அதன் இடுக்கில் மடித்துச் செருகிய தாள். யாருக்காகவும் நிற்காத பேருந்து ஓட்டுநர். வீட்டில் அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான். அந்த அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டத்துக்கு வில்லை பொருத்துகிறவர்.

"என் தாய் அதிகம் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். வீட்டில் குளிர்பெட்டிதான் பேசும்."

"நீங்களா? நீங்க பேச மாட்டீங்களா?"

"என் மொழியில் நான் பேசுவதில்லை. நான் பேசாதவள் என்று அங்கே எல்லோரும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். இங்கே யாருக்கும் அது தெரியாது. அதனால் பேசுகிறேன்."*

* இதை நான் புனையவில்லை. அவள் பேச்சு இந்தக் கதையின் நடையிலேயே இருப்பதால் நானே எழுதி அவள் வாயில் வைத்ததுபோல் தெரியும். என்ன செய்வது, அவள் அப்படித்தான் பேசுகிறாள்.

அன்று மாலை பூனை எழுத உட்கார்ந்தாள்.

'என் அறை மாடியில் இருக்கிறது. ஜன்னல் முழுதாக மூடாது. குளிர் உள்ளே வராமல் இருக்க நான் ஒரு தாளை மடித்துச் செருகியிருக்கிறேன். காலையில் நான் பேருந்துக்கு ஓட வேண்டும். நான் ஓடி வருவதை ஓட்டுநர் கண்ணாடியில் பார்ப்பார், ஆனால் நிற்க மாட்டார். இப்போதெல்லாம் எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை.'

கவனித்தீர்களா? எத்தனை 'நான்'! தடங்கலே இல்லை. பூனை என்ற திரை தேவைப்படவில்லை. போகாத ஊரில், மூடாத ஜன்னலுக்குப் பக்கத்தில், 'நான்' சுகமாக உட்கார்ந்துகொண்டுவிட்டது. எழுதி முடித்தபோது எனக்கு

(பயமாக இருந்தது என்று எழுத நினைத்தேன். அந்த ஊரில் பேருந்துக்கு ஓடுகிறவளை எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.)

விருந்தாளி அதைப் படித்தாள். "இதில் பிழை எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். அன்று உள்ளே இருந்து பாட்டுச் சத்தம் வரவில்லை.

9

அம்மாவும் படித்தாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள்.

"போயிட்டு வந்த மாதிரியே இருக்குடி" என்றாள். பிறகு, "ஏண்டி, நெசமாவே உனக்குப் போகணுமா?"

பூனை கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"இல்ல, கேக்கறேன். அப்ளை பண்றப்ப மேடம் சொன்னாங்கன்ன. விழாவப்ப ஹால் கெடச்சுதுன்ன. இப்ப அந்தப் பொண்ணுக்காகப் பாக்கறேங்கற. எனக்குப் போகணும்னு உன் வாயால ஒரு தடவ சொல்லி நான் கேக்கலயே."

"தெரியலம்மா. களைப்பா இருக்கு."

"களைப்பா இருக்குங்கறது ஒரு பதிலா? நானுந்தான் களைச்சுப் போயி வர்றேன். கவுண்டர்ல வந்து நிக்கறவன என்ன வேணும்னு கேட்டா, என்ன வேணும்னு சொல்லணும். வலிக்குதுன்னு மட்டும் சொன்னா நான் என்னத்த எடுத்துக் குடுக்க?"

பூனை எழுந்து போய்ப் பாயை விரித்தாள். அம்மா விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

10

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) விசா அலுவலகம் மனம் மாறுகிறது. (அலுவலகத்துக்கு மனம் கிடையாது. நீக்கப்பட்டது.)

ஆ) பூனை பேருந்துக் கட்டுரையை அனுப்புகிறாள். விருந்தாளியின் கன்றுகள் வயலுக்குப் போகின்றன. வருடக் கடைசியில் நிறுவனம் பூனைக்கு வரவேற்பு விழா நடத்துகிறது, அரங்கு எப்போது கிடைக்கிறதோ அப்போது. அடுத்து வெளிநாடு போகிறவர்கள் அவளிடம் வந்து, "அக்கா, அங்க என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்கிறார்கள். அவள் ஆயுள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும்.

இ) பூனை உண்மையை எழுதுகிறாள். விருந்தாளி அலமாரியைக் காலி செய்கிறாள். அம்மா வாசலோடு நின்றுவிடுகிறாள், தெருமுனை வரை வருவதில்லை. பூனையின் அட்டைக்குக் கதவு திறக்கிறது. அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து, வேறொருத்தி வளர்த்த கன்றை வெட்டி நடுகிறாள். வளர்ச்சி காணப்படுகிறது.

இரண்டாவதில் பூனை தியாகி. மூன்றாவதில் நேர்மையானவள். இரண்டு முடிவுகளையும் நான் அடுத்தடுத்துப் படித்துப் பார்த்தேன். இரண்டிலும் அவளுக்கு என்ன வேண்டும் என்பது இல்லை.

11

இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பூனை கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் விருந்தாளியின் அம்மா கைபேசியில் முகம் பார்த்துப் பேசுவார். பேசுவது என்றால், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இரண்டு வாக்கியம், பிறகு மௌனம், பிறகு ஒரு வாக்கியம். நான் திரையில் விழாமல் சுவரோரமாக நகர்ந்து போவது வழக்கம். இந்த ஞாயிறு விருந்தாளி என்னைக் கூப்பிட்டாள்.

"என் தாய் தங்களை அழைக்கிறார்."

போய் உட்கார்ந்தேன். நெற்றிமேல் ஒரு கண்ணாடி, மூக்கின்மேல் ஒரு கண்ணாடி. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து மாடிப்படி ஏறினார். திரையில் படிகள் ஆடின. ஒரு கதவு திறந்தது. அறையைச் சுற்றிலும் மெதுவாகக் காட்டினார். கட்டில், பூப்போட்ட விரிப்பு, கதவுக்குப் பின்னால் சட்டை மாட்டாத கொக்கிகள். ஜன்னல். அது முழுதாக மூடியிருந்தது. இடுக்கும் இல்லை, தாளும் இல்லை.

விருந்தாளி திரைக்கு அருகே குனிந்தாள். அவள் மொழியில் ஏதோ கேட்டாள். அவர் ஒரு சொல்லில் பதில் சொன்னார்.

"சரிசெய்துவிட்டாராம்" என்றாள் என்னிடம். "தாங்கள் வருவீர்கள் என்று, ஆள் வைத்துச் சரிசெய்தாராம். நான் பல குளிர்காலங்களாகக் கேட்டேன்."

இந்த வீட்டில் இரண்டு மகள்கள். அந்த வீட்டில் ஒரு மகளும் இல்லை. திட்டத்தின் பெயர் பரிமாற்றம். அதுவரை எனக்கு இது உறைத்ததே இல்லை. நான் போகாததால் யாரும் எதையும் இழக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். விருந்தாளி கேட்டுக் கேட்டுச் சொன்னாள்.

"ஒரு மாணவர் இந்த அறையை வாடகைக்குக் கேட்கிறார். நாளை அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு தாங்கள் வருவீர்களா என்று என் தாய் கேட்கிறார். வருவீர்கள் என்றால் அறையைத் தரமாட்டார். அப்படியே வைத்திருப்பார்."

அவள் குரல் மாறவே இல்லை. ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. வருவேன் என்று நான் சொன்னால் உண்மையை எழுதியாக வேண்டும். எழுதினால் அவள் கிளம்ப வேண்டும், கன்றுகள் தொட்டிக்கு மாறும் முன்பே. வரமாட்டேன் என்றால் அந்தக் கட்டுரை போய்விடும், அதோடு நானும் போய்வந்தவள் ஆகிவிடுவேன். அவளுக்கு இது தெரியாமல் இல்லை. அந்த அம்மாவுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

சமையலறையில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. அம்மா ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள். "சொல்லு" என்றுகூடச் சொல்லவில்லை. கவுண்டரில் நிற்பவளைப் போல நின்றாள்.

நான் ஒரே ஒரு சொல் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

விருந்தாளி என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்து அவள் மொழியில் சொன்னாள். என்னுடையது ஒரு சொல். அவள் சொன்னது நீண்டுகொண்டே போனது. இடையில் அந்த அம்மா எதையோ கேட்டார், அவள் பதில் சொன்னாள், அவர் மறுபடி கேட்டார். அவர்கள் இருவரும் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. நான் சொன்னதைத்தான் அவள் சொன்னாளா என்று சோதித்துப் பார்க்க எனக்கு அந்த மொழி தெரியாது. ஒரு இடத்தில் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி, அதைத் துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

பிறகு கைபேசியை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு எழுந்தார். தலையணை உறையைக் கழற்றினார். பூப்போட்ட விரிப்பைக் கட்டிலில் இருந்து உருவி, உதறி, நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். மாணவருக்கு வேறு விரிப்புப் போடுவதற்காகவா, எனக்காகத் துவைத்து வைக்கவா? கேட்டுச் சொல் என்று விருந்தாளியிடம் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வெறும் கட்டில் மட்டும் திரையில் இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

12

என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கூச்சம் ஒரு காரணம். இன்னொரு காரணம், அது உங்களுக்குத் தேவையில்லை.

இதை எதில் படிக்கிறீர்கள் என்று பாருங்கள். பரிமாற்றத் திட்டத்தின் ஆண்டு மலர் என்றால், அவர்கள் கேட்ட அனுபவத்துக்குப் பதிலாக நான் இதை அனுப்பிவிட்டேன் என்று அர்த்தம். விருந்தாளி இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். நான் புது விண்ணப்பம் போட்டிருப்பேன். கதைகள் வரும் ஏதோ ஒரு புத்தகம் என்றால், அந்த மலரின் ஒரு பக்கத்தில், சரிசெய்யப்பட்டுவிட்ட ஒரு ஜன்னல் இன்னும் மூடாமல் இருப்பதைப் பற்றி ஒருத்தி மிக நன்றாக எழுதியிருப்பாள். கன்றுகள் வயலுக்குப் போயிருக்கும். இது வெறும் கதையாக மிஞ்சியிருக்கும்.

ஒரு தடவை புத்தகத்தை மூடி அட்டையைப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்குச் சொல்ல வேண்டாம்.